இன்ஜினைக் கழற்றியதற்கு அப்பா கோபித்துக்கொள்வாரா

கண்ணு,

ஸ்டேஷனுக்குப் போகிற ஆட்டோ வாசலில் நின்றது. பெட்டியை ஏற்றிவிட்டு, ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை ரோட்டிலேயுமாக வைத்துக்கொண்டு, "இன்ஜினைக் கழட்டினதுக்கு அப்பா கோவிச்சுப்பாராம்மா?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் ஆட்டோக்காரர், "சிக்னல்ல மாட்டினா டிரெயினைப் பிடிக்க முடியாது சார், ஏறுங்க" என்றார். நீயும் ஏறிவிட்டாய். தெருமுனை திரும்புகிற வரைக்கும் கையை மட்டும் வெளியே நீட்டி ஆட்டிக்கொண்டே போனாய். உள்ளே வந்து அரிசியைக் களைந்தேன், துணியை நனைத்தேன். நீ கேட்டது மட்டும் என்னோடு கூடவே வந்துகொண்டிருந்தது. போனில் சொல்லிவிடலாம்தான். போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், அந்தப் பக்கம் யாரோ உன்னைக் கூப்பிடுவார்கள். நான் அஞ்சாவது வரை படித்தவள், எழுத எனக்கு நேரமாகும். ஆகட்டும். படிக்க உனக்கும் நேரமாகட்டும். பூனாவில் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறாய், உட்கார்ந்து படி.

அந்த விமானம் இந்த வீட்டுக்கு வந்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். நாம் ஈஜிபுராவுக்குக் குடிவந்த புதிதில் நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பிக்கவில்லை. உங்கப்பா ஃபேக்டரியில் ஃபிட்டர். அங்கே கூட வேலை பார்த்த கிருஷ்ணப்பா அண்ணன் ரிமோட்டில் பறக்கிற விமானம் வைத்திருந்தார். ஒரு நாள் வேடிக்கை பார்க்கப் போன மனுஷன், திரும்பி வரும்போது வேறு ஆளாக வந்தார். அதற்கப்புறம் ஹாலில் பாய் விரிக்க இடம் கிடையாது. பால்சா என்று ஒரு மரம், கையில் எடுத்தால் பொரி மாதிரி கனமே தெரியாது. அதைச் சீவி, ஒட்டி, காயவைத்து, மேலே ஒன்று கீழே ஒன்றாக இரட்டை இறக்கை கட்டினார். "ஒரு இறக்கை போதாதாங்க?" என்று கேட்டதற்கு, "உனக்குத் தெரியாது, ரெண்டு இருந்தாத்தான் அது ராஜா மாதிரி இருக்கும்" என்றார். மேலே போர்த்துகிற சிவப்புத் தாளைச் சூடு காட்டி இழுத்து ஒட்ட வேண்டும். அதை ஒட்டியது நான், நம் துணி தேய்க்கிற இஸ்திரிப்பெட்டியால். நான் பிளவுஸ் தைக்கிறவள் என்பதால் சுருக்கம் விழாமல் இழுக்க என் கைக்குத் தெரியும் என்று அவராகவே முடிவு பண்ணிவிட்டார். முதல் இறக்கையில் ஓட்டை போட்டேன். அன்றைக்கு அவர் திட்டினதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

அந்த இன்ஜின் முஷ்டி அளவுதான் இருக்கும். சத்தத்தில் தெருவையே எழுப்பும். அது குடிக்கிற எண்ணெயில் பாதி விளக்கெண்ணெய். ஓடும்போது புகையும் எண்ணெயுமாகப் பின்னால் துப்பும். ஒருத்தர் வாலைப் பிடித்துக்கொள்ள, இன்னொருத்தர் முன்னால் உட்கார்ந்து மூக்கில் இருக்கிற விசிறியை விரலால் சுண்டிச் சுண்டித் தட்டி உயிர் கொடுக்க வேண்டும். சின்ன வயசில் வாலைப் பிடித்தது நீ. பரீட்சை, காலேஜ் என்று நீ போன பிறகு நான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டருக்குப் பின்னால் விமானத்தின் உடம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். இறக்கைகளைத் துணியில் சுற்றி முதுகில் கட்டியிருப்பேன். மடிவாளா சிக்னலில் பார்க்காத ஆள் கிடையாது. முதலில் கோரமங்கலா பக்கமே வெட்டவெளி இருந்தது. அங்கே வீடு வந்ததும் இன்னும் தள்ளிப் போனோம். அங்கேயும் வீடு வந்தது. கடைசியில் அத்திபெலே பக்கம் ஒரு காய்ந்த ஏரிதான் கிடைத்தது. என்னுடைய ஒரு புடவைகூட எண்ணெய்க் கறை இல்லாமல் இருந்ததில்லை. ஒரு வருஷமாக என் புடவைகளில் கறை இல்லை. துவைக்கிற கல் முன்னால் உட்கார்ந்து, தேய்க்க ஒன்றுமில்லாமல் எத்தனையோ தடவை அழுதிருக்கிறேன்.

அந்தச் சண்டைக்கு வருகிறேன். நீ அதை நினைத்துத்தான் கேட்டாய் என்று எனக்குத் தெரியாதா? அன்றைக்குக் காலையில் இன்ஜின் கிளம்பவே இல்லை. தட்டித் தட்டி அவர் விரல் வீங்கியிருந்தது. வீட்டுக்கு வந்து வெந்நீரில் கையை முக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீ அந்த நேரம் பார்த்து உன் சம்பளத்தில் வாங்கின மோட்டாரையும் பேட்டரியையும் டப்பாவோடு கொண்டுவந்து முன்னால் வைத்தாய். "அப்பா, இனிமே விரலை ஒடச்சுக்க வேணாம். இதை மாட்டிடலாம்" என்றாய். நல்ல மனசோடுதான் சொன்னாய். நீ விரலைப் பற்றிச் சொன்னாய், அவர் தன் வயசைப் பற்றிச் சொல்கிறாய் என்று எடுத்துக்கொண்டார். மோட்டாரை எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "என்னடா இது, டேபிள் ஃபேன்ல இருந்து கழட்டினியா?" என்றார். "சத்தமே போடாதது விமானமாடா?" என்றார். நீயும் சும்மா இருக்கவில்லை. "சத்தம்தான் வேணும்னா டேப்புல பதிஞ்சு போட்டுக்கோங்கப்பா" என்றாய். அப்போதுதான் அவர் சொன்னார், "நான் உசுரோட இருக்குற வரைக்கும் அந்த இன்ஜின்ல கை வெக்காத" என்று.

அதற்குப் பிறகு நீங்கள் இரண்டு பேரும் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. "உன் பையன் சாப்பிட்டானா?" என்று அவர் என்னைக் கேட்பார். "உன் வீட்டுக்காரர் மாத்திரை போட்டாரா?" என்று நீ என்னைக் கேட்பாய். நடுவில் நான் தபால்காரி. எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான், பண்டிகை வந்தால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பண்டிகை வருவதற்குள் அவர் போய்விட்டார். நாளைக்கு உனக்கு ஒருத்தி வருவாள், பிள்ளை பிறக்கும். கோபம் வந்தால் பேசு, கத்து, பரவாயில்லை. இன்னொருத்தரைத் தூது வைத்துப் பேசாதே. தூது போகிறவள் பாதியை விழுங்கிவிட்டுத்தான் சொல்வாள். நானும் விழுங்கினேன்.

அவர் போன பிறகு அந்த விமானம் ஹாலில் தொங்கிக்கொண்டே இருந்தது. அதற்குக் கீழே நீ தலையைக் குனிந்துகொண்டு நடந்தாய், இடிக்கிற உயரமே இல்லாதபோதும். உன் டப்பாவை எங்கேயோ பரண்மேல் வைத்துவிட்டாய். அவர் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவாய். பூனா வேலை கிடைத்தபோதுகூட உன் முகத்தில் ஒன்றும் இல்லை. முதல் வருஷத் தெவசத்துக்கு உன் அத்தை வந்திறங்கிய அன்று, இட்லி வைத்துக்கொண்டே நான் சொன்னேன், "தெவசம் முடிஞ்சதும் அந்த இன்ஜினைக் கழட்டி உன் மோட்டாரை மாட்டுடா" என்று. அத்தைக்குச் சட்னி தொண்டையில் நின்றுவிட்டது. "என்ன அண்ணி இது? அண்ணன் உசுரோட இருக்குற வரைக்கும் தொடாதன்னு சொன்னதா நீங்கதான சொன்னீங்க?" என்றாள். "ஆமா. உசுரோட இருக்குற வரைக்கும்னுதான சொன்னாரு. இருக்காரா?" என்றேன்.  யாராவது ஒருத்தர் அதைச் சொல்லியாக வேண்டியிருந்தது. அந்த இன்ஜினைத் தட்டிக் கிளப்ப எனக்குத் தெரியாது, நீ தட்ட மாட்டாய். உள்ளே விளக்கெண்ணெய் பிசின் மாதிரி இறுகிக் கிடந்தது. எனக்கு அந்த விமானம் பறக்க வேண்டும், அவ்வளவுதான். தொங்குகிறதைப் பார்த்துப் பார்த்து என் கண் பூத்துவிட்டது.

உனக்கு அவரைப் பற்றி ஒன்று சொல்கிறேன். மிக்ஸி வாங்க வேண்டும் என்று நான் சொன்னபோது ஒரு வாரம் சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா என்றுகூடச் சொல்லவில்லை மனுஷன். "அம்மிச் சட்னி சாப்பிட்டு வளந்தவன்டி நான். என் வீட்டுல அந்த மெஷின் கத்தக்கூடாது" என்றார். என் அண்ணன் பொங்கல் சீராக ஒன்று கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். ஒரு மாசம் அதைத் துணி போட்டு மூடி வைத்திருந்தோம், செத்தவங்களை மூடிவைத்த மாதிரி. அப்புறம் எனக்குக் காய்ச்சல் வந்தது. அவரே அதில் சட்னி அரைத்தார். அதற்கப்புறம் ஒரு நாள் அது ரிப்பேருக்குப் போனபோது, கடைக்காரனிடம் தினமும் போய் நின்றது யார் என்று நினைக்கிறாய்? செல்போனும் அப்படித்தான். நீ வாங்கினபோது "மாட்டுக்கு மணி கட்டின மாதிரி" என்றார். ஆறு மாசத்தில் உன் பழைய போனைக் கேட்டு வாங்கி, பாத்ரூமுக்குள்ளேயும் எடுத்துக்கொண்டு போனார். புதுசு எது வந்தாலும் முதலில் அதன்மேல் ஒரு உறுமல் உறுமுவார். உறுமாமல் அவரால் எதையும் ஏற்றுக்கொள்ள முடியாது. அவரோடு வாழ்ந்து நான் படித்த படிப்பு அதுதான்.

தெவசம் முடிந்து நீ விமானத்தைக் கீழே இறக்கினாய். இன்ஜினைக் கழற்றி ஓரமாக வைத்தாய். மூக்குப் பக்கத்து மரமெல்லாம் எண்ணெய் குடித்துக் கறுத்திருந்தது. பிளவுஸில் மெஷின் எண்ணெய் பட்டால் பவுடர் தூவி, பேப்பர் வைத்து, மேலே இஸ்திரி போட்டு இழுப்பேன் நான். அதையே செய்து பார்த்தோம். பாதிதான் வந்தது. மீதியை நீ வெட்டி எடுத்துவிட்டுப் புது பிளைவுட் ஒட்டினாய். வீடு முழுக்க விளக்கெண்ணெய் வாசமும் பவுடர் வாசமும் கலந்து அடித்தது. அத்தை மூக்கைச் சுளித்துக்கொண்டு, "பிரசவ வூடு மாதிரி நாறுது" என்றாள். இரும்பு இன்ஜின் போய் எலுமிச்சம்பழ அளவு மோட்டார் வந்ததும் மூக்கு லேசாகிவிட்டது. இறக்கைக்கு அடியில் இரண்டு விரலை வைத்துத் தூக்கினால் வால் தொங்கியது. "இப்படியே விட்டா ஏறினதும் மல்லாந்து விழும்" என்று சொல்லி, பேட்டரியை எவ்வளவு முன்னால் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி வைத்தாய். அப்புறம்தான் விரல்மேல் தராசு முள் மாதிரி நேராக நின்றது. அந்த நேரம் உன் முகம் ரொம்ப நாளைக்குப் பிறகு மலர்ந்தது.

முதல் தடவை மோட்டாரை ஓட்டிப் பார்த்தாய். விசிறி தலைகீழாகச் சுற்றியது. காற்று முன்பக்கம் அடித்து என் முகத்தில் பட்டது. உடனே அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பாத்தியா? அண்ணனுக்குப் பிடிக்கல. திருப்பி அனுப்புறாரு" என்றாள். உன் முகம் மறுபடியும் இருண்டது. நீ மூன்று ஒயரில் இரண்டை இடம் மாற்றிச் செருகினாய். சரியாகச் சுற்றியது. அத்தை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அவ்ளோதானா?" என்றாள். நான் அடுப்பங்கரைக்குள் போய்ச் சிரித்தேன்.

ஏரிக்கு நாம் போனது அந்த ஞாயிற்றுக்கிழமை. கிருஷ்ணப்பா அண்ணன் அத்தையையும் சேர்த்து அவர் வேனில் கூட்டிப்போனார். அங்கே நடந்தது என் தப்பு, அதில் உனக்குப் பங்கில்லை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, மூக்கில் குங்குமம் வைத்து, சூடம் காட்டாமல் எந்த வண்டியும் நம் வீட்டில் கிளம்பினதில்லை. நீ, "பேட்டரி மாட்டியாச்சும்மா, கிட்ட வராத" என்றாய். "மாட்டினா என்ன, ஓடலையே" என்றேன். எனக்குத் தெரிந்த விமானம் ஓடினால் ஊருக்கே கேட்கும். இது உயிரோடு இருந்துகொண்டே செத்தது மாதிரி சும்மா நிற்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? சூடம் காற்றில் அணைந்து அணைந்து போனது. முந்தானையை விரித்து மறைப்புப் பிடித்துக்கொண்டு மூக்குப் பக்கம் குனிந்தேன். "செருப்பைக் கழட்டிட்டுக் கும்புடுடா" என்று உன்னையும் விரட்டினேன். நீ ரிமோட்டைத் தரையில் நிறுத்தி வைத்துவிட்டுக் கையைக் கூப்பினாய். காற்றில் ரிமோட் குப்புற விழுந்தது. விழுந்த வேகத்தில் மோட்டாரை முடுக்குகிற அதன் குச்சி மேலே தள்ளிக்கொண்டது போலிருக்கிறது. விர்ரென்று விசிறி சுற்றி என் முந்தானையைப் பிடித்து இழுத்தது. "தள்ளும்மா!" என்று நீ கத்தினாய். அது அப்படியே உங்கப்பா குரல். தட்டு ஒரு பக்கம், சூடம் ஒரு பக்கம். என் கை தானாகப் போய் வாலைப் பிடித்துக்கொண்டது, எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை பிடித்த கை. கிருஷ்ணப்பா அண்ணன் ஓடிவந்து பேட்டரியைப் பிடுங்கினார். விசிறி உடைந்திருந்தது, முந்தானை நாராகக் கிழிந்திருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

வேனுக்குள்ளிருந்து அத்தை, "நான் அன்னைக்கே சொன்னேன்" என்று ஆரம்பித்தாள். நீ தரையில் உட்கார்ந்துவிட்டாய். "வேணாம்மா. அப்பா வேணாம்கிறாரு. எனக்குப் புரியுது. போலாம்" என்றாய். உன் உதடு வெளுத்திருந்தது. இப்போது வீட்டுக்குப் போனால் நீ இதை இனிமேல் தொடவே மாட்டாய், இந்தக் கல்லை நெஞ்சில் வைத்துக்கொண்டேதான் பூனாவுக்குப் போவாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தது, உன்மேல் இல்லை. "உங்கப்பா வேணாம்னா மூஞ்சிக்கு நேரா சொல்லுவாருடா. பொண்டாட்டி முந்தானையைப் பிடிச்சு இழுத்தா சொல்லுவாரு? அந்த மாதிரி வேலையெல்லாம் அவரு ஊரு முன்னாடி பண்ணதே இல்ல" என்றேன். கிருஷ்ணப்பா அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏளப்பா, எழுந்திரு. அக்கா சொல்றது கரெக்ட். நான் முப்பது வருஷம் அவன்கூட இருந்தேன், அவனுக்கு மறைச்சுப் பேச வராது" என்று உன்னைக் கையைப் பிடித்துத் தூக்கினார். அவர் பெட்டியிலிருந்தே வேறு விசிறி எடுத்துக் கொடுத்தார். நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இருபது அடி தள்ளிப் போய் நின்றேன், சூடம் இல்லாமல்.

கண்ணு, அது எழும்பியது. ஒரு புகை இல்லை, ஒரு துப்பல் இல்லை. மண்ணைக் கொஞ்ச தூரம் கோடு கிழித்துக்கொண்டு ஓடி, சரேலென்று ஏறிவிட்டது. சிவப்பு இறக்கை இரண்டும் வெயிலில் தெரிந்தன, நான் ஓட்டை போட்டு ஒட்டுப்போட்ட இடம்கூடத் தெரிந்தது. நீ ஏரியைச் சுற்றி வட்டமடித்துவிட்டு, இறக்குவதற்காக மோட்டாரை நிறுத்தினாய். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் நடுவில் குறுக்கும் நெடுக்குமாக அவர் கட்டியிருந்த மெல்லிய கம்பிகள். அதில் காற்றுப் பட்டு, தூரத்தில் யாரோ சீழ்க்கை அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். நம் தலைக்கு மேலே வரும்போது கூடியது, தாண்டிப் போகும்போது குறைந்தது. கிருஷ்ணப்பா அண்ணன் தொப்பியைக் கழற்றினார். "இத்தனை வருஷம் இது பாடிட்டுத்தான் இருந்திருக்குது. அந்த இன்ஜின் கத்தினதுல எவனுக்கும் கேக்கல" என்றார். உங்கப்பா கையால் கட்டின கம்பி. அவர் ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை. விமானம் தரையைத் தொட்டதும் நீ ரிமோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதாய். நான் கிட்ட வரவில்லை. அவர் செத்த அன்றைக்கு வராத அழுகை, அது வந்து முடியட்டும் என்று தள்ளியே நின்றேன். எனக்கு அன்றைக்கு ராத்திரி நல்ல தூக்கம் வந்தது. நீயும் மறுநாள் வெயில் ஏறின பிறகுதான் எழுந்தாய். எழுந்ததும் "பசிக்குதும்மா" என்றாய். ஒரு வருஷமாக நீ பசி என்று சொல்லி நான் கேட்கவில்லை.

இப்போது நீ கேட்டதற்குப் பதில். கோபித்துக்கொண்டிருப்பார். நிச்சயமாகக் கோபித்துக்கொண்டிருப்பார். அப்படியெல்லாம் இல்லை கண்ணு என்று உனக்குச் சர்க்கரை தடவிச் சொல்ல மாட்டேன். ஏரிக்கு வரமாட்டேன் என்று வீட்டிலேயே உட்கார்ந்திருப்பார். அடுத்த வாரம் வேனில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்திருப்பார். அதற்கடுத்த வாரம், "உனக்கு இறக்கவே தெரியல, குடு இப்படி" என்று ரிமோட்டைப் பிடுங்கியிருப்பார். அந்தக் கம்பிச் சத்தத்தைக் கேட்டிருந்தால், தான் அதற்காகத்தான் கட்டினேன் என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பார். அவருக்குக் கோபம் ஆறுவதற்கு நாள் கிடைக்கவில்லை. கோபத்துக்கும் ஆறுவதற்கும் நடுவில் சாவு வந்து உட்கார்ந்துவிட்டது. அது உன் தப்பும் இல்லை, அவர் தப்பும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் "கடைசியா என்ன சொன்னாரு?" என்று கேட்டார்கள். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். ஏதோ பெரிய வார்த்தையாக எதிர்பார்த்து வந்தவர்களிடம் அவர் சொன்னதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. நீ அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு ஓடிவந்ததும் என்னைப் பார்த்து, "வீட்டைத் தெறந்து போட்டுட்டு வந்திருக்கியேம்மா, யாராவது புகுந்திருந்தா?" என்று கேட்டாய். பதற்றத்தில் மறந்துவிட்டேன் என்று நீ நினைத்துக்கொண்டாய். நானும் ஆமாம் என்றேன். நான் மறக்கவில்லை, கண்ணு. பக்கத்து வீட்டுக்காரர்கள் அவரைத் தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் பூட்டைக் கையில் எடுத்துக் கதவைச் சாத்தப் போனேன். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மனுஷன் கையை நீட்டி என்னைத் தடுத்தார். "பூட்டாத. அவன் சாவி எடுத்துட்டுப் போகல. வந்தா வெளியில நிப்பான்" என்றார்.